குதிர் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

சென்ற தை மாதம் என் மகன் சென்னையிலிருந்து தொலைபேசியில் பேசினான். தியாகதுருகம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஆயா வீட்டை, மாமாவின் பேரனே கிரயம் செய்துகொள்வது என்று அப்போதுதான் முடிவாகியிருந்தது. அம்மாவின் பங்குக்கு வந்த சாமான்கள் எல்லாம் அந்த வீட்டில்தான் கிடந்தன. அவற்றை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது கேள்வி. கள்ளக்குறிச்சியில் நான் இருக்கும் வீட்டில் நானும் என் மனைவியும் இருக்கவே இடம் சரியாக இருக்கிறது.

"அப்பா, இங்கே மாத வாடகைக்கு அறை விடுகிறார்கள். சாமானை வைத்துப் பூட்டி, சாவியை நாமே வைத்துக்கொள்ளலாம். 25 சதுர அடியும் இருக்கிறது, 200 சதுர அடியும் இருக்கிறது. எத்தனை அடி வேண்டும் என்று அளந்து சொல்லுங்கள். நான் 100 என்று நினைக்கிறேன்" என்றான்.

அளப்பது எனக்குப் பிடித்த வேலை. மறுநாள் காலை டேப்பும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அறையின் அளவைத் தேடிப் போன எனக்கு, "சேமித்து வைக்க எவ்வளவு இடம் வேண்டும்" என்ற இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் பெரிய சரித்திரம் இருப்பது நினைவுக்கு வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றி முன்பே பலமுறை சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்குப் புதுச்சேரியில் மில் வேலை. என்னைப் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்தார். லீவு விட்டால் அம்மாவின் ஊருக்கு வந்துவிடுவேன். அதனால் சின்ன வயதிலேயே எனக்கு இரண்டு அளவுகள் பழக்கம். பள்ளிக்கூடத்தில் லித்ரு, மீட்டர். 1795-ஆம் ஆண்டு, புரட்சிக்குப் பிறகு, பிரெஞ்சுக்காரர்கள் சட்டம் போட்டுக் கொண்டுவந்த அளவுகள் அவை. விறகை அளப்பதற்கென்றே ஸ்தேர் என்று ஒரு அளவு அந்தச் சட்டத்தில் உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒவ்வொரு மீட்டர் கொண்ட அடுக்கு ஒரு ஸ்தேர். ஆயா வீட்டுக்கு வந்தால் படியும் மரக்காலும். அங்கே லித்ரு என்று சொன்னால் சிரிப்பார்கள்.

பிரெஞ்சில் கிரெனியே என்று ஒரு சொல். தானியக் களஞ்சியம் என்று பொருள். ஒருநாள் வகுப்பில் அந்தச் சொல் வந்தபோது, நான் எழுந்து "எங்கள் ஆயா வீட்டில் நான்கு கிரெனியே இருக்கிறது" என்றேன். ஆசிரியருக்கு ஆச்சரியம். வீட்டின் கூரைக்கு அடியில், உடைந்த நாற்காலியும் பழைய பெட்டியும் போட்டுவைக்கிற பரணுக்கும் பிரெஞ்சில் அதே பெயர்தான் என்று பிறகு சொன்னார். ஒரு காலத்தில் தானியம் இருந்த இடத்தில் பிற்காலத்தில் தட்டுமுட்டுச் சாமான் குடியேறியது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. அன்று இதை நான் பெரிதாக நினைக்கவில்லை. எழுபது வயதுக்கு மேல்தான் அதன் அர்த்தம் புரிந்தது.

ஆயாவின் நான்கு குதிர்கள்

குதிரைப் பார்த்திராத பேரப்பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். களிமண்ணோடு வைக்கோலும் உமியும் சேர்த்துப் பிசைந்து, வளையம் வளையமாக உறை செய்து காயவைப்பார்கள். பிறகு வீட்டுக்குள்ளேயே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்குகளை மண் பூசி அடைத்து, மேலே சாணம் மெழுகுவார்கள். நெல்லை மேல்வாய் வழியாகக் கொட்ட வேண்டும். எடுப்பது கீழே இருக்கும் துவாரம் வழியாக. அந்தத் துவாரத்தைத் துணிச்சுருளால் அடைத்து வைத்திருப்பார்கள். முதலில் போட்ட நெல் முதலில் வெளியே வரும். பழையது அடியில் தங்கி மக்கிப் போகாது. இதையே இன்றைக்குக் கிடங்கு நிர்வாகத்தில் ஒரு பெரிய விதியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பூச்சி வராமலிருக்க வேப்பிலையும் நொச்சி இலையும் போடுவதும் உண்டு.

குதிர் ஏன் உருண்டையாக இருக்கிறது? மூலை இல்லாததால் நெல் தங்காது, பூச்சியும் ஒளிந்துகொள்ளாது. அதே அளவு மண்ணைக் கொண்டு சதுரமாகக் கட்டுவதைவிட வட்டமாகக் கட்டினால் அதிக நெல் பிடிக்கும். இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீர்த் தொட்டியில் ஆழம் கூடக்கூட அடியில் அழுத்தம் கூடிக்கொண்டே போகும். தானியம் அப்படியல்ல. ஓர் அளவுக்கு மேல் அதன் பாரத்தைச் சுற்றுச்சுவர் உராய்வால் தாங்கிக்கொள்ளும். யான்சன் என்ற ஜெர்மன் பொறியாளர் 1895-இல் இதைச் சோதனை செய்து கணக்காக எழுதினார். எங்கள் ஊரில் குதிர் செய்த பெண்களுக்குக் கணக்குத் தெரியாது, ஆனால் சுவர் எங்கே தடிமனாக வேண்டும் என்று கைக்குத் தெரியும்.

ஆயாவிடம் மூன்று பெரிய குதிர், ஒரு சின்னக் குதிர். பெரியது உள்ளே இரண்டரை அடி குறுக்களவு, ஐந்தடி உயரம். நான் இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றுக்கு ஏறத்தாழ 24 கன அடி, சுமார் 400 கிலோ நெல் பிடிக்கும். மூன்றுக்கும் சேர்த்து 1,200 கிலோ. வீட்டில் எட்டுப் பேர். ஒரு நாளைக்கு மூன்றே கால் கிலோ நெல் எடுத்தால் ஒரு வருஷத்துக்கு வரும். குத்தினால் இரண்டு கிலோ அரிசிக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். எட்டுப் பேருக்கு இது இரவுச் சோற்றுக்குத்தான் போதும். பகலில் கம்பங்கூழ், கேழ்வரகுக் களி. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் கொண்டுவரும் சாமையும் தினையும் அவ்வப்போது சேரும். ஆக, ஆயாவின் மூன்று குதிரும் ஒரு அறுவடையிலிருந்து அடுத்த அறுவடை வரை எட்டு வயிற்றுக்குக் கச்சிதமாக அளந்து செய்தவை. மீதி நெல் கூலிக்கும் விற்பனைக்கும் களத்திலிருந்தே போய்விடும்.

எத்தனை மூட்டை விளைந்தது என்று பார்த்து அவர் குதிர் செய்யவில்லை. எத்தனை பேர், எத்தனை மாதம், தினம் எவ்வளவு எடுப்போம் என்று பார்த்துச் செய்தார். இந்த வித்தியாசம் எனக்குப் புரிய நான் ஒரு மெமோ வாங்க வேண்டியிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான்காவது குதிர் இடுப்பு உயரம்கூட இராது. இரண்டடி அகலம், இரண்டடி உயரம். அது விதைக் குதிர். சுமார் 100 கிலோ விதை நெல் பிடிக்கும். எங்கள் மூன்று ஏக்கர் நஞ்சைக்கு அது சரியாக இருந்தது.

1965-இலும் 1966-இலும் நாடு முழுவதும் மழை பொய்த்தது பலருக்கு நினைவிருக்கும். அரிசிக்கு வரிசையில் நின்றோம். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சு ஊரெல்லாம் ஏன் அப்படி எடுபட்டது என்பது, அந்த இரண்டு வருஷம் பட்டவர்களுக்குத் தெரியும். 1966 கோடை லீவில் நான் ஊருக்கு வந்தபோது பெரிய குதிர் மூன்றும் காலி. தட்டினால் மத்தளம் மாதிரி சத்தம் வந்தது. மாமா விதைக் குதிரைத் திறக்கலாம் என்றார். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இரண்டு. அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆயா அந்தக் குதிரின் மேல் கைவைத்துக்கொண்டு, "இது நம்ம சோறு இல்லடா. இது நெலத்தோட சோறு" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. தோட்டத்துக் கிழங்கும், கடன் வாங்கிய கேழ்வரகுமாக அந்தக் கோடை ஓடியது. எனக்குப் பதினைந்து வயது. பசி என்றால் என்னவென்று தெரிந்துகொண்ட லீவு அது. மழை வந்த பிறகு அந்த விதைதான் நாற்றங்காலுக்குப் போனது.

விதையையும் சாப்பாட்டையும் ஒரே பெரிய குதிரில் போட்டிருந்தால் விதை மிஞ்சியிருக்காது. ஒன்றுக்கு நாலாகச் செய்து வைத்ததில் அந்தக் காரியம் இருந்தது.

நம் புஞ்சைக்காட்டுப் பக்கம் சோளத்தையும் கேழ்வரகையும் நிலத்துக்குள் குழி வெட்டிப் போட்டு மூடுவார்கள். கேழ்வரகு பல வருஷம் கெடாது. ஆனால் மூடிக் கிடந்த குழியில் காற்று கெட்டுப் போயிருக்கும். திறந்தவுடன் ஆள் இறங்கக் கூடாது. விளக்கைக் கயிற்றில் கட்டி முதலில் இறக்குவார்கள். விளக்கு அணைந்தால் இன்னும் ஆற வேண்டும் என்று அர்த்தம்.

கோயிலும் அரசும்

வீட்டுக்குக் குதிர் என்றால் ஊருக்குக் கோயில் களஞ்சியம். 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பார்த்தால், எந்தச் செலவுக்கு எத்தனை கலம் நெல் என்று குறுணி, நாழி வரைக்கும் எழுதியிருக்கும். 8 நாழி ஒரு குறுணி, 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி, 3 தூணி ஒரு கலம். ஒரு கலத்துக்கு 96 நாழி. குறுணியைத்தான் மரக்கால் என்கிறோம். ஊருக்கு ஊர் மரக்கால் மாறும் என்பதால், ஆடவல்லான் என்ற பெயருள்ள மரக்காலால் அளக்க வேண்டும் என்று அந்தக் கல்வெட்டுகளே சொல்கின்றன. ஒரு குமாஸ்தாவாக எனக்கு அந்தக் கல்வெட்டுகள் மேல் தனி மரியாதை. வரவைவிடச் செலவைத்தான் அங்கே நுணுக்கமாக எழுதியிருக்கிறார்கள்.

ஸ்ரீரங்கம் கோயிலில் வட்ட வடிவமான பெரிய நெற்களஞ்சியங்களை இன்றைக்கும் பார்க்கலாம். பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் ஒன்று நிற்கிறது. பார்த்தால் ராட்சதக் குதிர் மாதிரியே இருக்கும். நம் பாட்டிமார் மண்ணில் செய்ததை அவர்கள் செங்கல்லில் செய்திருக்கிறார்கள்.

இனி வடக்கே பீகாருக்குப் போகிறேன். அளவு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு அங்கே ஒரு சாட்சி இருக்கிறது. 1770-இல் வங்காளத்திலும் பீகாரிலும் கொடிய பஞ்சம். இனி பஞ்சமே வரக்கூடாது என்று, வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் பாட்னாவில் ஒரு களஞ்சியம் கட்ட உத்தரவானது. கட்டியவர் கேப்டன் ஜான் கார்ஸ்டின். 1786-இல் முடிந்தது. பெயர் கோல்கர். உருண்டை வீடு என்று பொருள். உயரம் 29 மீட்டர். சுற்றி ஏறும் படிகள் 145. கூலியாள் மூட்டையைச் சுமந்து ஒரு பக்கம் ஏறி, உச்சித் துளையில் கொட்டிவிட்டு, மறுபக்கம் இறங்கிவிடலாம். கீழே கதவுகள். கதவு உள்பக்கமாகத் திறப்பது, அதனால் களஞ்சியம் நிரம்பினால் திறக்கவே முடியாது என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, கோல்கர் ஒருநாளும் நிரம்பவில்லை. இப்படிப் பல களஞ்சியங்கள் வரும் என்ற எண்ணமும் அதோடு நின்றது.

கோல்கரில் 1,40,000 டன் தானியம் பிடிக்கும் என்று பல இடங்களில் அச்சாகியிருக்கிறது. எனக்கு அந்த எண் உறுத்தியது. பென்சிலை எடுத்தேன். சுற்றளவு சுமார் 125 மீட்டர் என்றால் குறுக்களவு 40 மீட்டர். சுவரின் தடிமன் 3.6 மீட்டர், இருபக்கமும் கழித்தால் உள்ளே 33 மீட்டர். உச்சி வரை ஒரே அகலம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 25,000 கன மீட்டருக்குள்தான் வருகிறது. ஒரு கன மீட்டருக்கு 800 கிலோ தானியம் என்று போட்டால் 20,000 டன். கூண்டு மேலே குவிந்து வருவதால் அதிலும் மூன்றில் ஒரு பங்காவது கழியும். 1,40,000 டன் அதற்குள் எப்படிப் போகும்? ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுதுவது ஆபீசில் இருந்தவர்களுக்குப் புதிதல்ல. களஞ்சியத்தின் அளவை அதில் அள்ளிப் போட்டு எடுத்தவர்கள் சொன்னால்தான் சரியாக இருக்கும். கோல்கரை அப்படி நிரப்பிப் பார்த்தவர் யாரும் இல்லை.

நம் சென்னை மாகாணத்துக்கு 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்தது. அப்போது தானியம் அடியோடு இல்லாமல் போய்விடவில்லை. விலை கொடுக்க முடிந்தவர்களுக்கு இருந்தது. கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு முன்யோசனையாக 30,000 டன் தானியம் வாங்கி வைக்க ஏற்பாடு செய்தார். வியாபாரத்தில் சர்க்கார் தலையிடக் கூடாது என்று மேலிடத்திலிருந்து அவருக்குக் கண்டனம்தான் வந்தது. நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். அதில் மனிதன் உயிர்வாழ முடியாது என்று மருத்துவர் கார்னிஷ் வாதாடினார். லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். களஞ்சியம் பெரிதா சிறிதா என்பதற்கு அப்புறம், அதன் கதவை யாருக்காக, எப்போது திறப்பது என்று இன்னொரு கேள்வி இருக்கிறது என்பதை அந்தப் பஞ்சம் காட்டியது.

பாரிஸ் நகரத்துக்காக நெப்போலியன் 1807-இல் ஒரு பெரிய களஞ்சியம் கட்டத் தொடங்கினார். அதற்குப் பெயர் செழிப்புக் களஞ்சியம். 1871 கலகத்தில் தீப்பிடித்து எரிந்துவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு ஆயாவின் நான்கு குதிர்கள்தான் ஞாபகம் வந்தன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதே என்பதும் அளவுக் கணக்கில் சேர்ந்ததுதான்.

நான் வாங்கிய மெமோ

சுதந்திரத்துக்குப் பிறகு, 1956-இல் போட்ட ஒரு சட்டத்தின்படி சேமிப்புக் கிடங்கு நிறுவனங்கள் வந்தன. மத்தியக் கிடங்கு நிறுவனம் 1957-இலும், நம் மாநிலத்துக் கிடங்கு நிறுவனம் 1958-இலும் தொடங்கின. 1965 ஜனவரி 14 அன்று இந்திய உணவுக் கழகம் ஏற்பட்டது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த சில வருஷங்களில், ஒரு தானியக் கிடங்கின் கணக்கைப் பார்க்கும்படி நேர்ந்தது. எந்தக் கிடங்கு, எந்த ஊர் என்பது இப்போது வேண்டாம். அறுவடை சமயம். இன்னும் எத்தனை மூட்டை கொள்ளும் என்று மேலதிகாரி கேட்டார். நான் படித்த பிள்ளை. நீளத்தை அகலத்தால் பெருக்கி, அட்டி போடும் உயரத்தால் பெருக்கி, ஒரு மூட்டையின் பருமனால் வகுத்து, கடைசி மூட்டை வரை எண்ணி ஒரு குறிப்பு வைத்தேன். கீழே என் சுருக்கொப்பம். அந்த எண்ணிக்கையைப் பார்த்து மூட்டைகள் வந்து இறங்கின. கிடங்கு சுவருக்குச் சுவர் நிரம்பியது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஐப்பசி மழையில் பின்சுவர் ஓதம் காத்தது. அங்கே போய்ப் பார்க்க வழி இல்லை. முன்னால் இருக்கும் அட்டியை எல்லாம் பிரித்தால்தான் பின்னால் போக முடியும். பிரித்து முடித்தபோது அடி மூட்டைகளில் நெல் முளைவிட்டுக் கறுத்துப் போயிருந்தது. சுமைதூக்கும் மேஸ்திரி என்னைப் பார்த்து, "சார், மூட்டைக்கு எடம் போட்டீங்க. ஆளுக்கு எடம் போடலயே" என்றார். விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. மெமோவைவிட மேஸ்திரி சொன்னதுதான் என் மனதில் நின்றது. சுவரை ஒட்டி இடைவெளி, அட்டிக்கு அட்டி நடைபாதை, தரையில் மூட்டைக்கு அடியில் மரச்சட்டம், இவ்வளவும் போகத்தான் மிச்சம் மூட்டைக்கு. கிடங்கில் காலியாக விடுகிற இடம் வீணான இடம் அல்ல.

அறைக் கணக்கு

இப்போது மகனின் கேள்விக்கு வருகிறேன். ஆயா வீட்டில் ஒவ்வொரு சாமானாக அளந்தேன். மரப் பீரோ 29 கன அடி. கழற்றி வைத்த கட்டில் 13. டிரங்குப் பெட்டி இரண்டு, 24. பித்தளைப் பாத்திரங்கள் நான்கு அட்டைப்பெட்டியில் 32. புத்தகமும் காகிதமும் 18. ஊஞ்சல் பலகை, அரிவாள்மணை, உரல் உலக்கை என்று சில்லறை 12. ஒரு பெரிய குதிர். குதிர் உருண்டை, அறையோ சதுரம். மூலைகள் வீணாகும் என்பதால் அதற்கு 45. மொத்தம் 173 கன அடி.

அறைக்காரர்கள் சதுர அடியில்தான் வாடகை சொல்வார்கள். நாம் கன அடியில் யோசிக்க வேண்டும். கை எட்டும் உயரம் ஆறடி என்று வைத்தால், 173-ஐ 6-ஆல் வகுக்க 29 சதுர அடி. மேஸ்திரியின் பாடத்தை மறக்காமல் மூன்றில் ஒரு பங்கை நடக்க விட்டால் 44. ஆக 50 சதுர அடி அறை போதும். மகன் நினைத்த 100 தேவையில்லை. பாதி வாடகை மிச்சம். சாமான் எடுத்து வைக்க இருக்கிற யாருக்கும் இந்தக் கணக்கு உதவும் என்பதால் விவரமாக எழுதினேன்.

ஆனால் நோட்டை மூடப் போகும்போது ஆயாவின் கணக்கு குறுக்கே வந்தது. எத்தனை இருக்கிறது என்று நான் அளந்துவிட்டேன். எவ்வளவு எடுப்போம்? அடுத்த ஒரு வருஷத்தில் இவற்றில் எதை எடுக்க அந்த அறைக் கதவைத் திறப்போம்? ஒவ்வொரு வரிக்கும் எதிரே எழுதிப் பார்த்தேன். பீரோவுக்கு எதிரே ஒன்றும் எழுத முடியவில்லை. கட்டிலுக்கும் இல்லை. பாத்திரத்தில் பொங்கலுக்கு ஒரு பானை. காகிதத்தில் அப்பாவின் மில் சீட்டுகளும் என் பிரெஞ்சுப் பள்ளிச் சான்றிதழும். அவ்வளவுதான்.

அப்போதுதான் கிரெனியே என்ற சொல் மறுபடி நினைவுக்கு வந்தது. ஒரு காலத்தில் நம் வீடுகளில் தானியம் இருந்தது, சாமான் குறைவு. ஐ.ஆர்.8 போன்ற ரகங்கள் வந்து விளைச்சல் பெருகியது. நெல் களத்திலிருந்தே கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. அரிசி ரேஷன் கடையிலிருந்து வருகிறது. 2011 முதல் அது விலையும் இல்லாமல் வருகிறது. இதை நான் குறை சொல்ல மாட்டேன். 1966-ஐப் பார்த்தவன் குறை சொல்ல முடியாது. நம் குதிர் சர்க்கார் கிடங்குக்குள் போய்விட்டது. காலியான இடத்தில் சாமான் வந்து குடியேறியது. அதுவும் நிரம்பி, இப்போது சாமானுக்கு வாடகை அறை தேடுகிறோம். பிரெஞ்சுக்காரன் பரணுக்கு நடந்தது நம் வீட்டுக்கும் நடந்திருக்கிறது.

குதிரை எடுக்கலாம் என்று ஆள் அழைத்து வந்தபோது இன்னொன்று தெரிந்தது. பெரிய குதிர் மூன்றடி அகலம். வீட்டின் உள்வாசல் இரண்டரை அடி. உறை உறையாக உள்ளே வைத்துப் பூசியது, உடைக்காமல் வெளியே வராது. நான் 45 கன அடி என்று கணக்குப் போட்டபோது வாசலை அளக்கவே இல்லை. கோல்கர் கதவைப் பற்றி இவ்வளவு பேசுகிறவன்!

மாமாவின் பேரன் அருகில் நின்று சிரித்தான். "பெரிய குதிரு மூணும் இருக்கற எடத்துலயே இருக்கட்டும் தாத்தா. ஒடைக்க வேண்டாம்" என்றான். மக்காச்சோளம் போடுகிறவன் அவன். கொஞ்சம் பழைய ரக நெல்லும் அரை ஏக்கரில் போடுகிறான். விதை நெல்லைப் பிளாஸ்டிக் டிரம்மில் வைத்து, போன வருஷம் ஓதத்தில் பாதி முளைப்பு போய்விட்டது என்றான். விதைக் குதிர் இரண்டடிதான், வாசலில் தாராளமாக வரும். அதைத்தான் நான் எப்படியும் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று நினைத்திருந்தேன். வராந்தாவில் வைக்க இடம்கூடப் பார்த்து வைத்திருந்தேன்.

அதற்கு எதிரேயும் என் நோட்டில் ஒன்றும் எழுத முடியவில்லை. என் வராந்தாவில் அது வெறும் சாமான். அவனிடம் இருந்தால் அது குதிர். "நீயே வெச்சுக்கப்பா" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது தொண்டை கொஞ்சம் அடைத்தது என்பதை மறைக்கவில்லை.

பீரோவும் கட்டிலும் அந்த வீட்டிலேயே அவர்களுக்குப் பயன்படட்டும் என்று விட்டாயிற்று. பாத்திரங்களைச் சொந்தக்காரப் பெண்கள் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். நான் பொங்கல் பானையையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் மட்டும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தேன். பெட்டி 12 கன அடி. என் கட்டிலுக்கு அடியில் சரியாகப் போகிறது.

மகன் இரவு கூப்பிட்டு, "எத்தனை அடி அப்பா?" என்று கேட்டான். அறை வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தச் சின்னக் குதிரை நான் பார்க்கணுமே" என்றான். ஆடியில் விதைப்புக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவன் வரும்போது குதிரின் கீழ்த் துவாரம் திறந்திருக்கும், விதை வெளியே வந்துகொண்டிருக்கும்.